காது கேளாத சுண்டெலியின் துணிச்சல்

நடத்தை ஆய்வகத்தில் சேர்ந்த மூன்றாவது மாதத்தில், ஒரு சுண்டெலியின் துணிச்சலைக் கண்டுபிடித்துவிட்டதாக நான் நம்பினேன். முதல் நாள் ஓர் ஒலியையும், அதையொட்டிப் பெட்டியின் தரைக்கம்பிகளில் மெல்லிய மின்னதிர்ச்சியையும் கொடுத்துவிட்டு, மறுநாள் வேறொரு பெட்டியில் ஒலியை மட்டும் எழுப்பினால், இயல்பான சுண்டெலி மூச்சைத் தவிர வேறெதுவும் அசையாமல் உறைந்துவிடும். நரம்பணுவுக்குள் கால்சியத்தை விடும் வாயில்களில் ஒன்றான ஒரு சேனலை உருவாக்கும் காக்னா1டி மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளோ, ஒலி அலறிக்கொண்டிருக்கும்போதே முன்கால்களால் மீசையைத் துடைப்பதும் மூலைமூலையாக மோப்பம் பிடிப்பதுமாகத் திரிந்தன. இந்தக் கால்சியம் சேனல் இல்லையென்றால் அச்சம் நினைவில் பதிவதில்லை என்று குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடும் இட்டேன்.

அந்த எண்ணத்தில் ஓரளவு நியாயமும் இருந்தது. நரம்பணுவுக்கு வெளியே கால்சியத்தின் செறிவு உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு அதிகம் என்பதால், சேனல் கணநேரம் திறந்தாலே உள்ளே பாயும் அயனிகள், நரம்புச் சந்திகளை வலுப்படுத்தவும் உட்கருவரை செய்தியைக் கொண்டுசேர்த்து அங்குள்ள மரபணுக்களை இயக்கவும் வல்லவை.

இரண்டு நாள் கழித்து, கூண்டுகளைக் கழுவும்போது எஃகு மூடி ஒன்று என் கைநழுவி விழுந்தது. அடுக்கிலிருந்த மற்ற சுண்டெலிகள் துள்ளிப் பதுங்கின. காக்னா1டி நீக்கப்பட்டவை மட்டும் தீவனத்தைக் கொறித்துக்கொண்டே இருந்தன, காதுமடல்கூட அசையவில்லை. அந்த மரபணு உருவாக்கும் கேவ் 1.3 சேனல் இல்லாமல் உட்செவியின் மயிரணுக்களால் ஒலியை நரம்புக்குக் கடத்த முடியாது. அது நீக்கப்பட்ட சுண்டெலிகள் பிறவிச் செவிடு என்பதும், அவற்றின் இதயத்துடிப்பு மந்தம் என்பதும் 2000-ஆம் ஆண்டிலேயே வெளியான செய்திகள். படிக்காமல் விட்டவன் நான்தான்.

இதே சேனலைப் பற்றி 2010-இல் வந்த ஓர் ஆய்வு, வேறொரு காரணத்தால் செவிடான சுண்டெலிகளையும் ஒப்பீட்டுக்கு வைத்து, மனச்சோர்வைப் போன்ற நடத்தை குறைவதற்குக் காது கேளாமை காரணமல்ல என்று பிரித்துக் காட்டியது. என் அடிக்கோட்டுக்கு அப்படியொரு ஒப்பீடு எதுவும் இல்லை.

பின்னர், இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கால்சியம் சேனலுக்கான காக்னா1சி மரபணுவுக்கு மாறினோம். மனிதரிடம் இருமுனையப் பிறழ்வோடும் மனச்சிதைவோடும் தொடர்புபடுத்தப்படும் மரபணு இது. இதன் இரு பிரதிகளும் இல்லாத சுண்டெலிகள் கருவிலேயே இறந்துவிடுவதால், ஒரு பிரதி மட்டும் உள்ளவற்றையே கூட்டல் குறி வடிவிலான உயர்மேடையில் விடுவோம். சுவரில்லாத இரு கைகளில் அவை எத்தனை நொடி நடமாடின என்பதைத்தான் பதற்றத்தின் அளவுகோலாகக் கொள்கிறோம். அந்த நொடிகளில் என் பங்கும் இருக்கக்கூடும். ஆண்கள் அணிந்த சட்டையின் வாடையே சுண்டெலிகளின் உளைச்சலைக் கூட்டும் என்று 2014-இல் காட்டப்பட்டிருக்கிறது. அதனால் ஓர் ஆய்வு முடியும்வரை அவற்றைக் கையாள்பவரை நாங்கள் மாற்றுவதில்லை. காணொளியைப் பார்த்து நொடிகளை எண்ணுபவருக்கு எது எந்த மரபணு வகை என்று சொல்வதுமில்லை.

புதிய வகைச் சுண்டெலிகள் வந்ததும், எந்தப் பெட்டியிலும் விடுவதற்கு முன், கூண்டின் பின்னால் நின்று ஒருமுறை கைதட்டிவிட்டுக் காதுமடல்களைப் பார்க்கிறேன்.