பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்த மலை

மலைச்சாலையில் காரோட்டுவது இருவர் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம் என்பது என் உறுதியான எண்ணம். சமவெளியில் ஒருவர் ஓட்ட, மற்றவர் உறங்கிக்கொண்டு வந்தாலும் பயணத்துக்கு ஒரு குறையும் நேர்வதில்லை. மலையில் அப்படியில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவரின் கண்ணுக்கு அடுத்த வளைவைத் தவிர வேறெதுவும் உரிமையில்லை. பள்ளத்தாக்கும் முகடும் எதிர்ச்சரிவில் நகரும் மேக நிழலும் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கே உரியவை. சென்ற வார இறுதியில் நெடுநாள் நண்பன் ஒருவனுடன் ஒரு மலைத்தொடரைக் கடந்து மறுபுறம் சென்று, மறுநாள் அதே சாலையில் திரும்பி வந்தேன். சனிக்கிழமை நான் ஏற்றுவது, அவன் இறக்குவது, ஞாயிற்றுக்கிழமை அவன் ஏற்றுவது, நான் இறக்குவது என்று புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொண்டோம். அந்த ஏற்பாட்டினால்தான் மலையின் ஒரு பக்கம் அவனுக்கும் மறுபக்கம் எனக்கும் முழுதாகக் கிடைத்தது.

சனிக்கிழமை விடியும் முன்பே கிளம்பியதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறியதும் மலைச்சரிவுகள் சூடாகின்றன. அவற்றை ஒட்டியிருக்கும் காற்று இலேசாகி மேலெழுந்து, உயரத்தில் குளிர்ந்து, பல நாட்களில் நண்பகலுக்குள் மேகமாகத் திரண்டு முகடுகளை மூடிவிடுகிறது. இரவில் இது தலைகீழாக நடக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குவதால், விடியற்காலையில் அடிவாரத்தில் மூடுபனியும் உச்சியில் தெளிந்த வானமும் அமைவதுண்டு. இதை எத்தனை சொல்லியும் நண்பனுக்கு நம்பிக்கை வரவில்லை. அடிவாரத்தில் பனி அவ்வளவு அடர்த்தியாக இருந்தது. விளக்கை டிம்மில் வைத்து, சாலையோரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினேன்; பிரைட்டில் போட்டால் ஒளி பனித்துளிகளில் பட்டுச் சிதறி நம் கண்ணுக்கே திரும்பி வந்து, இருக்கிற பார்வையையும் கெடுத்துவிடும்.

"இந்தப் பனியில என்னடா தெரியப் போகுது?" என்று அவன் கேட்டபோது, காரின் வெப்பமானி 11 டிகிரி காட்டியது. சில வளைவுகள் கழித்து அது 13 ஆனது, பிறகு 15. உயரே போகப் போக 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குளிர வேண்டும் என்பது பொது விதி. ஆனால் குளிர்காற்று கீழே தேங்கிய காலை வேளைகளில் அந்த விதி சிறிது தூரத்துக்குத் தலைகீழாகிவிடும். எண் ஏறுவதை அவன் வியப்போடு வாசித்துக்கொண்டிருக்கும்போதே பனி மெலிந்து, வெளுத்து, ஒரு வளைவின் முடிவில் முற்றிலும் விலகியது. நான் சாலையைத்தான் பார்த்தேன். அவன் பேச்சை நிறுத்திவிட்டதிலிருந்தே பார்க்கத்தக்க ஏதோ ஒன்று இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். அகலமான ஓரம் வந்ததும் வண்டியை நிறுத்தி இறங்கினோம். பள்ளத்தாக்கு முழுவதும் வெண்பனி நிரம்பி, சிறு குன்றுகளின் தலைகள் மட்டும் தீவுகளாக வெளியே நின்றன.

அங்கிருந்து பார்த்தால் தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தன. அருகிலிருந்தது கரும்பச்சை, அடுத்தது சாம்பல் கலந்த பச்சை, அதற்கு அப்பால் நீலம், கடைசியில் வானத்திலிருந்து பிரித்தறிய முடியாத வெளிர்நீலம். தூரத்து மலையில் நீலம் ஏதுமில்லை. நமக்கும் அதற்கும் இடையிலுள்ள காற்றுதான் நீல ஒளியை அதிகமாகச் சிதறடித்து நம் பக்கம் அனுப்புகிறது. இந்தச் சிதறலை 1871இல் கணக்கிட்டு விளக்கியவர் பின்னாளில் ராலே பிரபு என அறியப்பட்ட ஆங்கில இயற்பியலாளர். இதை அறிந்த பிறகு எனக்கு அந்தக் காட்சியின் அழகு கூடியதே தவிரக் குறையவில்லை. ஒவ்வொரு நீலமும் இத்தனை கிலோமீட்டர் காற்று என்று எண்ணிப் பார்க்கும்போது தூரம் என்பது கண்ணுக்கே தெரியும் பொருளாகிவிடுகிறது.

மேலும் ஏறியபோது இருவருக்கும் காது அடைத்தது. எச்சிலை விழுங்கியதும் திறந்துகொண்டது. செவிப்பறைக்கு உட்புறமிருக்கும் காற்று பழைய அழுத்தத்திலேயே இருக்க, வெளியே அழுத்தம் குறைவதால் வரும் அடைப்பு அது. உயரம் கூடினால் காற்றின் அழுத்தம் குறையும் என்பதைச் சோதித்துப் பார்ப்பதற்காக, பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே, 1648 செப்டம்பர் 19 அன்று காற்றழுத்தத்தை அளக்கும் பாதரசக் குழாயைச் சுமந்துகொண்டு பிரான்சின் புய் தெ தோம் மலையில் ஏறினார். பாதரசம் தாழ்ந்தது. அன்று ஒரு நாள் முழுக்க உழைத்து நிறுவப்பட்டதை, இன்று இருக்கையில் சாய்ந்திருக்கும் நம் காதுகள் அரை மணி நேரத்தில் உணர்ந்துவிடுகின்றன. வண்டியும் அதை உணரும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு வலுவை இழப்பதால், மேல் வளைவுகளில் ஒரு கியர் குறைத்தே ஏற வேண்டியிருந்தது.

கணவாயில் இடம் மாறினோம். இறக்கம்தான் மலைப்பயணத்தில் கவனம் மிகுதியாகத் தேவைப்படும் பகுதி. ஏறிய களைப்போடு அதே ஆள் இறக்கவும் கூடாது என்பதே எங்கள் ஏற்பாட்டின் முதற்காரணம். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள ஒரு கார் 1,000 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், சுமார் 40 லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் பெரும்பகுதியைப் பிரேக்குகளே தாங்க நேர்ந்தால் அவை தேய்வதோடு நிற்காது. புதிய டாட் 3 வகைப் பிரேக் ஆயில் 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் 140 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடக்கூடும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டானால், மிதித்தாலும் பெடல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. கியரைக் குறைத்து இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டு எரிபொருளை மிச்சப்படுத்த நினைப்பது கொடிய அறியாமை. நண்பன் இரண்டாம் கியரில், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரேக்கைத் தொடாமல் இறக்கினான். ஏறி வரும் வண்டிகள் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது கடினம் என்பதால், குறுகிய கொண்டை ஊசி வளைவுகளில் தானே ஒதுங்கி வழிவிட்டான். அந்தப் பொறுமையைக் கண்டு எனக்கு அவன்மேல் மதிப்பு கூடியது.

பக்கத்து இருக்கைக்கும் கடமைகள் உண்டு. செல்பேசியில் வரைபடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தால், உட்காது உணரும் அசைவுக்கும் கண் காணும் அசைவின்மைக்கும் இணக்கம் கெட்டுக் குமட்டல் வரும். அடுத்த திருப்பத்தை முன்கூட்டியே அறிந்திருப்பதால் ஓட்டுபவருக்கு அது பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே இருவரும் சாலையையே பார்ப்பது நல்லது. கீழ் வளைவுகளில் ஏறி வரும் லாரியை முதலில் காண்பவர் பக்கத்தில் இருப்பவர்தான். அதைச் சொல்லிவிட வேண்டும். "அங்கே பார்" என்று மட்டும் ஒருபோதும் சொல்லக் கூடாது. ஓட்டுபவரின் தலை தானாகத் திரும்பிவிடும். காட்சியைச் சொல்லால் விவரிக்கலாம், அல்லது நிறுத்தச் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஏற்ற, நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். முந்தைய நாள் இறங்குகையில் முதுகுக்குப் பின்னால் போன செங்குத்துப் பாறைகள் இப்போது நேர் எதிரே நின்றன. ஒளியும் வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. அதே சாலை என்று சொன்னால் நம்ப முடியவில்லை. கணவாயைத் தாண்டி நான் ஓட்டத் தொடங்கியபோது முகடுகளில் மேகம் கூடிவிட்டிருந்தது. தன்னால் பார்க்க முடிந்ததையெல்லாம் அவன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான்: இடப்பக்கம் ஒரு பாறைப்பிளவில் நீர் கசிகிறது, எதிர்ச்சரிவில் மழை இறங்கிவிட்டது, இன்னும் கால் மணியில் நம்மிடம் வரும். மழை வருவதற்குள் கடைசி வளைவுகளைக் கடந்துவிட்டோம். அடுத்த முறையும் இதே முறைப்படி மாறி மாறி ஓட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. முதலில் ஏற்றுவது மட்டும் அவனாக இருக்கும்.