ஒரு சுடர், ஏழு சீர்: வெண்பா எழுதிப் பார்த்த அனுபவம்

கொஞ்ச காலமாக இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக்கொண்டு, அதைப் பற்றி மட்டும் கவிதை எழுதி வருகிறேன். அம்மா போன பிறகு தூக்கம் சரியாக வருவதில்லை. விழித்துக் கிடக்கிற நேரத்தில் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அப்படித்தான் இது தொடங்கியது. இதுவரை எங்கே வந்து நிற்கிறேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன். இதே போன்ற இரவுகளில் இருக்கும் வேறு யாருக்காவது உதவலாம்.

முதலில் எழுதியதெல்லாம் புதுக்கவிதை. எங்கே தொடங்கினாலும் கடைசி வரியில் ‘நம்பிக்கை’ என்ற சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. மறுநாள் எடுத்துப் படித்தால் மனதில் எதுவும் ஒட்டவில்லை. வழி கிடைத்தது கவிதையில் இல்லை, மொட்டை மாடியில். மங்கலான நட்சத்திரம் ஒன்றை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்றே பக்கத்தில் வைத்தால் மறுபடி தெரியும். விழித்திரையின் நடுப்புள்ளியில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள்தான் நெருக்கமாக இருக்கின்றன. குறைந்த வெளிச்சத்தை உணரும் குச்சிச் செல்கள் அதைச் சுற்றித்தான் உண்டு. வானம் பார்க்கிறவர்கள் இந்தப் பக்கப் பார்வையைப் பழகியே வைத்திருக்கிறார்கள். சரி, எழுதுவதிலும் இதையே செய்து பார்க்கலாமே என்று தோன்றியது. நம்பிக்கை என்ற சொல்லைத் தொடுவதில்லை, சுடருக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் மெழுகுவத்தியை உண்மையில் பார்க்க ஆரம்பித்தேன். திரியை ஒட்டி அடியில் நீலம். அதற்கு மேலே, திரியைச் சுற்றி இருண்ட ஒரு பகுதி. அதற்கும் மேலே மஞ்சள். ஒரு எவர்சில்வர் கரண்டியை அந்த மஞ்சள் பகுதிக்குள் கொஞ்ச நேரம் காட்டி எடுத்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கரி. விரலில் மை போல ஒட்டியது. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மெழுகுவத்தியை மையமாக வைத்து, சிறுவர்களுக்காக ஆறு சொற்பொழிவுகளைத் தொடங்கினார். அதில் விளக்கிய விஷயங்களில் இதுவும் ஒன்று: எரிந்து தீராத கரித்துகள்கள் சூடேறிக் கனல்வதால்தான் சுடருக்கு அந்த மஞ்சள் பிரகாசம். அதாவது நாம் வெளிச்சம் என்று பார்ப்பது கனன்றுகொண்டிருக்கும் கரியை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். துக்கம் தீர்ந்த பிறகுதான் வெளிச்சம் வரும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அப்புறம் வடிவம். கட்டற்று எழுதும்போது வார்த்தைகள் பெருகிக்கொண்டே போயின. அதனால் குறள் வெண்பாவுக்கு மாறினேன். இரண்டே அடி, ஏழே சீர். சீர் என்பது அடியின் ஓசைத்துண்டு, பெரும்பாலும் ஒரு சொல். இருட்டில் விளக்கேற்றுவதற்கும் வெண்பாவுக்கும் நம்மிடம் பழைய உறவும் உண்டு. திருக்கோவலூரில் மழை இரவில் ஒரு குறுகிய இடைகழியில் மூன்று ஆழ்வார்கள் நெருக்கியடித்து நின்ற கதை தெரிந்ததுதான். பொய்கையாழ்வார் உலகத்தையே அகலாக்கி ஏற்றினார், பூதத்தாழ்வார் அன்பை அகலாக்கினார். இருவரும் ஏற்றிய விளக்குகள் வெண்பாக்கள்தாம்.

என் முதல் அடி இப்படி வந்தது: ‘கையளவு தீபம் கும்மிருட்டை ஓட்டாது’. படிக்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் ஒழுங்கு, தட்டியது. ‘தீபம்’ மாச்சீர், அதாவது நேரசையில் முடியும் ஈரசைச் சீர். மாச்சீருக்கு அடுத்த சீர் நிரையசையில், அதாவது குறிலில் தொடங்கி இரண்டு உயிரொலி சேர்ந்த அசையில், தொடங்க வேண்டும். ‘கும்’ நேரசை, ஒரே உயிரொலி கொண்டது. வேறு சொல் தேடித் தேடி, கடைசியில் ‘முழுவிருட்டை’ என்று போட்டேன். ‘முழு’ நிரை, தளை சரியாகிவிட்டது. நான் எதிர்பார்க்காதது, பொருளும் சரியானது. இருட்டு எவ்வளவு அடர்த்தி என்பது விஷயமே இல்லை. முழு இருட்டையும் விரட்டும் பொறுப்பு அந்தச் சிறு சுடருக்கு இல்லை. இலக்கணம் சொன்னதைக் கேட்டுத்தான் இது எனக்குத் தெரிந்தது. இரண்டாம் அடி அன்றைக்கே வந்துவிட்டது:

கையளவு தீபம் முழுவிருட்டை ஓட்டாது
பையவே பாதை தரும்.

எதுகை (அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றுவது) இருக்கிறது, வெண்பாவின் கடைசிச் சீருக்கு உரிய மலர் வாய்பாட்டில் ‘தரும்’ முடிகிறது. மெதுவாக என்று பொருள்படும் ‘பையவே’ என்ற சொல்லின் மேல் எனக்குத் தனிப் பிரியம். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழகவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் அதில் நிறையப் போய்விடும், மறுபடி பழக வேண்டும். அதனால் எழுதும்போது போனை வேறு அறையில் வைத்துவிடுகிறேன். இதை யாரும் தொடங்குவதாக இருந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான். இலக்கணத்தை மெதுவாகப் படித்துக்கொள்ளலாம்.

இரவுகள் சுருங்கிவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஆனால் படுக்கப் போகும்போது மனதில் ஓடுவது மாறியிருக்கிறது. ஒரு சீர் எங்கே நிரையில் தொடங்கும் என்று யோசித்தபடியே சில நாள் தூங்கியும் போகிறேன்.

இப்போது கரித்துகளை வைத்து நேரிசை வெண்பா ஒன்றில் இறங்கியிருக்கிறேன். நான்கடி, இரண்டாம் அடியின் முடிவில் முதல் அடியோடு எதுகை சேரும் தனிச்சொல் வேண்டும். கையில் இருப்பது இவ்வளவு:

கரியே சுடராய்க் கனலும் திரிமேல்
விரியும் சிறிதாய் வெளிச்சம் –

தனிச்சொல்லாக ‘தெரியும்’ என்று போட்டால் தளையும் பொருந்துகிறது, எதுகையும் பொருந்துகிறது. ஆனால் அது மேலே சொன்னதையே திரும்பச் சொல்கிறது, மூன்றாம் அடிக்குப் போக வழிவிடவில்லை. ரகரத்தை இரண்டாம் எழுத்தாகக் கொண்ட சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்து, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.