டிக்கியில் ஏறிய வண்டு

கனடாவின் ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டு ஆஷ் மரம் பட்டுப்போனது. பட்டையை உரித்தால் உள்ளே பாம்பு நெளிந்தது மாதிரித் தடங்கள். எமரால்டு ஆஷ் போரரின் புழுக்கள் குடைந்த வேலை. ஆசியாவிலிருந்து வந்த பச்சை வண்டு அது, 2002இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடித்தார்கள்.

அடுத்து எங்கே போகும் என்று கணிக்க அதன் சிறகை மட்டும் பார்த்தால் போதாது. தானாகப் பறந்தால் ஆண்டுக்குச் சில கிலோமீட்டர்தான். விறகோடு காரில் ஏறினால் ஒரே மாலையில் நூற்றுக்கணக்கில்! அதனால்தான் கணிப்பில் ஆஷ் மரங்களோடு நெடுஞ்சாலை, முகாம் மைதானம் எல்லாம் சேர்கின்றன. அப்புறம் குளிர்: மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே போனால் பல புழுக்கள் செத்துவிடும். ஆனால் பட்டைக்கடியில் வெளியைவிடக் கொஞ்சம் கதகதப்பு, அந்தக் கணக்கையும் போடவேண்டும்.

சரி, நான் மட்டும் யோக்கியனா? ஒரு கோடையில் வீட்டு விறகை டிக்கியில் அடுக்கி வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் அல்கான்குவின் பூங்காவரை கொண்டுபோனவன். மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.