காதில் பிடுங்கிய பல்

ஒரு வாரமாக வலது காதில் குத்தல். பகலில் பரவாயில்லை. ராத்திரி தலையணையில் சாய்ந்தால் போதும், உள்ளே யாரோ உளி வைத்துக் கொத்துவார்கள். ஃபிரிட்ஜ் தண்ணீர் குடித்தால் சுருக்கென்று இழுத்தது. தண்ணீருக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போதே யோசித்திருக்கலாம். நான் ஃபேனை நிறுத்திவிட்டு மப்ளர் கட்டிக்கொண்டேன். அதுவும் மே மாதத்தில்.

அம்மா நல்லெண்ணெயில் இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சினாள். (பல் என்ற சொல் அன்றைக்கே வந்துவிட்டது. நான்தான் கவனிக்கவில்லை.) ஒருக்களித்துப் படுக்க வைத்து, வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று தன் புறங்கையில் சொட்டிப் பார்த்து, கரண்டியால் ஊற்றினாள். பாதி காதுக்குள், பாதி சட்டைக் காலருக்குள். இரண்டு நாள் ரசம் தாளித்த வாசனையோடு ஆபீஸ் போனேன். வலி அப்படியே இருந்தது.

காது மூக்கு தொண்டை டாக்டர் லைட்டை வைத்துப் பார்த்ததும் முதல் கேள்வி, "எண்ணெய் ஊத்தினது யாரு?" கூட வந்திருந்த அம்மா சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தாள். செவிப்பறையில் ஓட்டை இருந்திருந்தால் அந்த எண்ணெய் நடுச்செவிக்குள் போயிருக்கும் என்று ஒரு திட்டு. அப்புறம் சுத்தம் செய்தார். கருவி உள்ளே பட்டதும் எனக்குத் தொடர் இருமல். காது குடையும்போதெல்லாம் எனக்கு இப்படித்தான். நடிக்கிறேன் என்று வீட்டில் ஒரு பெயர் உண்டு. டாக்டர் சிரித்துக்கொண்டே, "பத்தாவது மண்டை நரம்பு, வேகஸ். அதோட ஒரு கிளை காதுக்குள்ள வருது. அதைத் தொட்டா சிலருக்கு இருமல் வரும்" என்றார். ஆர்னால்ட் நரம்பு என்று பெயராம். பல வருடப் பழி நீங்கியது.

"காது சுத்தமா இருக்கு. வாயைத் திறங்க."

காதுக்கு வந்தவனை வாயைத் திறக்கச் சொல்கிறாரே என்று திறந்தேன். கீழ்க் கடைவாயில், ஞானப்பல் மேல் கருவியின் பிடியால் 'டொக்' என்று ஒரு தட்டு. காதைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

அந்தக் காலத்து பி.பி. நம்பர் ஞாபகம் இருக்கிறதா? தெருவில் ஒரு வீட்டில்தான் போன். எல்லாருக்கும் வரும் அழைப்பு அங்கேதான் மணியடிக்கும். அவர் விளக்கியதைக் கேட்டபோது, காதுதான் அந்த வீடு என்று தோன்றியது. ஐந்தாவது மண்டை நரம்பின் கீழ்க்கிளை, கீழ்ப்பல், தாடை மூட்டு, காதின் முன்பக்கம் எல்லாவற்றுக்கும் பொது. டான்சிலும் நாக்கின் அடிப்பகுதியும் ஒன்பதாவது நரம்பு வழியாக அதே நம்பரைக் கொடுத்து வைத்திருக்கின்றன. குரல்வளை பத்தாவது வழியாக. ஏழாவதுக்கும் கழுத்து நரம்புகள் இரண்டுக்கும்கூட அங்கே கணக்கு உண்டு. எங்கிருந்து அழைப்பு என்று மூளைக்குக் குழம்பிவிடுகிறது. காது வலிக்கிறது என்று எழுதிக்கொள்கிறது.

அடுத்து, "சிகரெட், புகையிலை?" என்றார். நான் வாய் திறக்குமுன் அம்மா, "அதெல்லாம் கிடையாது, கல்யாணத்துல பீடா மட்டும்" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை அவர். அந்தப் பழக்கம் உள்ளவருக்குக் காது நன்றாக இருந்தும் வாரக்கணக்கில் வலித்தால், தொண்டையில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டுமாம். எனக்கும் நாக்கை இழுத்துப் பிடித்துக் குட்டிக் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பல் டாக்டரிடம் அனுப்பினார்.

எக்ஸ்ரேயில் ஞானப்பல், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தோளில் தூங்குகிற ஆள் மாதிரி தனக்கு முன்னால் இருந்த கடைவாய்ப்பல் மேல் சாய்ந்து கிடந்தது. இடுக்கில் சொத்தை. 42 வயதில் ஞானம் போயிற்று. மூன்றாம் நாள் காதும் அமைதி.

அன்று சாயங்காலம் அம்மா பெரியம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இல்லக்கா, காதுலதான் வலி. பல்லை எடுத்தாங்க. பூண்டெண்ணெய் முன்னாடியே இறங்கியிருந்ததால சுலபமா வந்துருச்சு."