நாலாவது சாய்ஸ்

2025-இல் இரண்டாம் பி.யூ.சி, அதாவது கர்நாடகத்துப் பன்னிரண்டாவது, முடித்தேன். அகில இந்திய இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினில், மத்திய அரசுக் கல்லூரியான என்ஐடி கிடைக்கும் அளவுக்கு மார்க் வரவில்லை. கர்நாடக நுழைவுத் தேர்வான சிஇடியில் வந்த ரேங்குக்கு பெங்களூரிலேயே ஒரு தனியார் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் வந்துவிடும் போலிருந்தது. அதில் சேர்வதா, ஒரு வருடம் நின்று மறுபடி எழுதுவதா? அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் போனவரெல்லாம் ஒரு பதில் வைத்திருந்தார்கள். "பொம்பளைப் பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாப் போகலாமா?" என்றார் பாட்டி. திருச்சி மாமா போனை வைக்கவே மாட்டார்: "நம்ம ஊர் என்ஐடி இருக்கே, ஊர்க்காரங்களுக்குப் பாதி சீட்டாமே!"

பாதி சீட் உண்மைதான். ஆனால் பன்னிரண்டாவது எந்த மாநிலத்தில் தேறினோம் என்பதுதான் கணக்கு, அப்பா எங்கே பிறந்தார் என்பது அல்ல. திருச்சிக்கு நான் வெளி மாநிலம். வீட்டில் கன்னடப் பேச்சே கிடையாது, ஆனாலும் சூரத்கல் என்ஐடிக்கு நான் கர்நாடகத்துப் பிள்ளை! மாமாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அதற்கப்புறம் விதிகளை நானே படிக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டாவது முடித்த வருடத்தையும் சேர்த்து மூன்று வருடம் மெயின் எழுதலாம். ஐஐடிக்கான அட்வான்ஸ்டு தேர்வு என்றால் அடுத்தடுத்த இரண்டு வருடம் மட்டும். 2024 நவம்பரில் மூன்று முறை எழுதலாம் என்று அறிவித்து, அதே மாதம் இரண்டாகவே குறைத்துவிட்டார்கள். நடுவில் அதை நம்பிப் படிப்பை விட்டவர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போக வேண்டியிருந்தது. ஆக, எனக்கு மிச்சம் ஒரே ஒரு அட்வான்ஸ்டு. "வேணும்னா ரெண்டு வருஷம்கூட உட்காரலாம்" என்ற பேச்சு அதோடு நின்றது.

சரி, எழுதலாம். மார்க் ஏறுமா? இதற்குப் பதில் சொன்னது ரெஸ்பான்ஸ் ஷீட். எந்தக் கேள்விக்கு எதைக் குறித்தோம் என்பதை மெயினை நடத்தும் என்டிஏ வெளியிடும், விடைக்குறிப்பும் வரும். 75 கேள்வி, 300 மார்க், தப்பானால் ஒன்று கழியும். அப்பாவும் நானும் பிரிண்ட் அவுட்டைத் தரையில் பரப்பி, மார்க் போன ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் காரணம் எழுதினோம். நேரம் போதாததற்கு 'நே'. தெரிந்தும் சறுக்கியதற்கு 'ச'. பாடமே படிக்காததற்கு 'ப'. கெமிஸ்ட்ரியில் மூன்றும் கலந்து கிடந்தன. பிசிக்ஸ் பக்கம் பூராவும் 'ப'. ரொட்டேஷன், கிராவிடேஷன், தெர்மோ. எல்லாம் முதல் பி.யூ.சியில் எனக்கு டெங்கு வந்து படுத்திருந்தபோது நடத்தியவை. திரும்பி வந்தபோது வகுப்பு எங்கோ போயிருந்தது.

'ச' நிறைய வந்திருந்தால் பேசாமல் கல்லூரியில் சேர்ந்திருப்பேன். ஹாலில் பதறுகிற சுபாவத்தை இன்னொரு வருடம் மாற்றிவிடும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. படிக்காத பாடத்தைப் படிக்க ஒரு வருடம் தாராளம்.

கல்லூரியில் சேர்ந்துகொண்டே எழுதலாமே என்றார் அம்மா. தெரிந்த சீனியர் அக்கா ஒருவர் அப்படிச் செய்து, கல்லூரியின் இன்டர்னல் தேர்வும் போய் மெயினும் போய் நின்றதைப் பார்த்திருந்ததால் அந்தப் பேச்சு நீளவில்லை.

ஒரு வருடம் நின்று எழுதுபவர்களுக்கான ட்ராப்பர் பேட்ச் தொடங்கிய பிறகுதான், சிஇடி சீட்டுகளை ஒதுக்கும் கேஇஏவின் முதல் சுற்றில் சீட் வந்தது. திரையில் நாலு சாய்ஸ். ஒன்று, சேர்கிறேன். இரண்டு, இது இருக்கட்டும், அடுத்த சுற்றில் நல்லது வந்தால் மாறுகிறேன். மூன்று, இது வேண்டாம், அடுத்த சுற்றைப் பார்க்கிறேன். நாலு, ஆளை விடுங்கள். அம்மா இரண்டைப் போடச் சொன்னார். கையில் சீட் இருந்தால் அப்புறம் விட மனசு வராது என்று எனக்குப் பயம்.

அப்பா ஒரே நிபந்தனை போட்டார்: 2026-இல் சிஇடியும் எழுத வேண்டும், வேறு எதுவும் வராவிட்டால் அதில் கிடைக்கிற சீட்டில் சேர வேண்டும். சிஇடி ரேங்கில் பாதி பி.யூ.சி மார்க், அது எனக்கு நன்றாகவே இருக்கிறது. ஒப்புக்கொண்டு நாலைக் குறித்தேன்.