யூக்கான் ஆற்றில் தனியே: வைட்ஹார்ஸிலிருந்து டாசன் வரை

கனடாவின் வடமேற்கு மூலையில் பாயும் யூக்கான் ஆற்றைப் பற்றி எழுதுபவர்கள் அதை மனிதர் காலடி படாத காட்டாறு என்றே பெரும்பாலும் வருணிக்கிறார்கள். வைட்ஹார்ஸ் நகரிலிருந்து டாசன் நகர் வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவைத் தனியாகத் துடுப்பு வலித்துக் கடந்த பிறகு, அந்த வருணனையை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் கரைகளில் பல நூறு தலைமுறைகளாக மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். இன்று அங்கே நிலவும் அமைதிக்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் பல, ஆண்டு குறித்துச் சொல்லக்கூடியவை.

ஆற்றின் முழு நீளம் 3,000 கிலோமீட்டருக்கும் மேல். அலாஸ்காவைக் குறுக்கே கடந்து பெரிங் கடலில் கலக்கும் அந்த நெடும்போக்கில் நான் சென்றது கால் பங்குக்கும் குறைவு. வாடகைக்கு எடுத்த கேனோ இருவர் அமரக்கூடியது. அதைத் தனியாக ஓட்டுபவர் பின்னால் அமர்ந்தால் முன்பக்கம் நீரைவிட்டு எழும்பி, சிறு காற்றுக்கும் படகு திரும்பிவிடும். அதனால் கரடி திறக்க முடியாத உணவுப் பீப்பாய்களையும் கூடாரத்தையும் முன்புறத்தில் வைத்துக் கட்டினேன். புறப்படும் இடத்துக்கு அருகிலேயே, கரையேற்றப்பட்டு அருங்காட்சியகமாக நிற்கிறது ‘கிளாண்டைக்’ என்னும் பின்சக்கர நீராவிக் கப்பல். ஓட்டத்தோடு டாசனுக்குச் செல்ல அதற்கு ஏறக்குறைய ஒன்றரை நாள் போதுமாம். எதிர்த்துத் திரும்பி வர நான்கைந்து நாட்கள் பிடிக்குமாம்.

முதல் சோதனை லபார்ஜ் ஏரி. சுமார் 50 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஏரியில் நீரோட்டத்தின் உதவி கிடையாது. கோடையிலும் கை மரத்துப்போகும் குளிர்நீர். பிற்பகலில் காற்று எழுந்தால் அலைகள் சட்டென உயரும். கிழக்குக் கரையை ஒட்டி அதிகாலையில் துடுப்புப் போடுவதும், காற்று வந்தவுடன் கரையேறிக் காத்திருப்பதுமாகவே அதைக் கடந்தேன். 1901 அக்டோபர் புயலில் ‘ஏ. ஜே. காடர்ட்’ என்ற சிறு கப்பல் இந்த ஏரியில்தான் மூழ்கியது. அதிலிருந்த ஐவரில் மூவர் மாண்டார்கள். 2008இல் அது கண்டுபிடிக்கப்பட்டபோது, கருவிகளும் இசைத்தட்டுகளும் உட்பட அவர்கள் புழங்கிய பொருட்கள் பலவும் அந்தக் குளிர்நீரில் கெடாமல் கிடந்தன.

ஏரி முடிந்து ஆறு மறுபடி தொடங்கும் ‘முப்பது மைல்’ பகுதியைப் போல் தெளிந்த நீரை நான் எங்கும் பார்த்ததில்லை. அடியில் உருளும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம். அவ்வளவு தெளிவிலும் ஓட்டம் கடுமையானது. டெஸ்லின் ஆறு வந்து சேரும் ஹூட்டலின்குவாவில் தெளிவு கலைந்து ஆறு அகலமாகிறது. சற்றுக் கீழே ஒரு தீவின் மரங்களுக்கிடையே, நூற்றாண்டுக்கும் மேலாகக் கரையில் கிடக்கும் ‘எவலின்’ கப்பலின் எலும்புக்கூட்டைச் சுற்றி நடந்தேன். இதற்குப் பிறகு கரையில் ஆங்காங்கே இடிந்த மரக்குடில்கள் தென்படத் தொடங்கும். கப்பல்களின் கொதிகலன்களுக்கு விறகு வெட்டி அடுக்கியவர்கள் குளிர்காலம் முழுவதும் தங்கியிருந்த இடங்கள் இவை. அருகிலுள்ள காட்டில் மரங்கள் எல்லாம் ஒரே வயதுடையனவாகத் தோன்றினால், பழைய காடு கப்பல்களில் எரிந்துபோனது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கார்மாக்ஸ் ஊரைத் தாண்டியதும் வருவது ஐவிரல் பாய்ச்சல். ஆற்றின் குறுக்கே நிற்கும் நான்கு பாறைத் தீவுகள் நீரை ஐந்து வழிகளாகப் பிரிக்கின்றன. படகோட்டிகள் வலக்கோடி வழியில்தான் செல்ல வேண்டும். வெகு முன்னதாகவே வலக்கரையைப் பிடித்துக்கொண்டு, மண்டியிட்டு உட்கார்ந்து, நுரை இல்லாமல் நாக்குப்போல் நீளும் நடுநீரில் படகை நேராக விட்டேன். மூன்று நான்கு பெரிய அலைகள் முகத்தில் அறைந்தன, அவ்வளவுதான். மேலேறி வந்த கப்பல்களை இதே வழியில்தான் கம்பிவடம் கட்டி இழுத்தார்கள்.

இந்தப் பயணத்தில் நான் மிக நீண்ட நேரம் தங்கியது செல்கிர்க் கோட்டையில். பெல்லி ஆறு வந்து கலக்கும் இக்கூடுதுறையில் வட துச்சோன் மக்கள், கடற்கரையிலிருந்து மலை கடந்து வந்த சில்காட் த்லிங்கிட் வணிகர்களோடு நெடுங்காலமாகப் பண்டமாற்றுச் செய்துவந்தார்கள். 1848இல் விலங்குத்தோல் வணிகம் செய்த ஹட்சன் பே நிறுவனத்துக்காக ராபர்ட் கேம்ப்பெல் இங்கே வணிக நிலையம் அமைத்தார். தங்கள் வணிகத்தில் அவர் குறுக்கிட்டதைப் பொறுக்காத த்லிங்கிட்கள் 1852இல் அதைச் சூறையாடி அவரை விரட்டினார்கள். பின்னர் இங்கே ஊர் ஒன்று வளர்ந்தது. 1950களில் டாசனுக்கு நெடுஞ்சாலை வந்தது, கப்பல்கள் நின்றன, சாலை தொடாத செல்கிர்க்கைவிட்டு மக்கள் ஒவ்வொரு குடும்பமாகப் பெயர்ந்தார்கள். தேவாலயம், பள்ளிக்கூடம், வீடுகள் என எல்லாம் இன்றும் செப்பமாக நிற்கின்றன. செல்கிர்க் முதற்குடியினரும் யூக்கான் அரசும் சேர்ந்து அவற்றைப் பேணுகிறார்கள். பள்ளியின் மர இருக்கைகளைப் பார்த்தபோது எனக்குத் துயரத்தைவிடக் கோபமே மிகுந்தது. ஓர் ஊரைக் காலிசெய்யப் போரோ வெள்ளமோ தேவைப்படவில்லை. ஒரு சாலையின் தடம் போதுமானதாக இருந்திருக்கிறது.

அடுத்து வெள்ளை ஆறு கலந்ததும் யூக்கானின் நிறமே மாறிவிடுகிறது. பனியாறுகள் அரைத்த மாவுபோன்ற கல்தூளையும் பழைய எரிமலைச் சாம்பலையும் அது சுமந்து வருவதால், படகின் அடியில் வண்டல் உராயும் சீறலொலி டாசன் வரை ஓயாது. குடிநீருக்காக ஓடைகளின் முகத்துவாரங்களைத் தேடிப் போனேன். ஓடை கிடைக்காத நாளில் வாளியில் மொண்டு இரவு முழுதும் தெளியவிட்டேன். இரவு என்பது அங்கே பெயருக்குத்தான்; ஜூன் இறுதியில் நள்ளிரவுக்குப் பிறகே சூரியன் மறையும். அறுபட்ட கரைகளில் மண்ணுக்குச் சற்றுக் கீழே சாம்பல் ஒரு வெண்கோடாகத் தெரியும். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் சர்ச்சில் மலை வெடித்தபோது படிந்தது அது. அந்த வெடிப்பே இங்கிருந்து ஒரு பகுதி மக்களைத் தெற்கே நகர்த்தியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள்.

வழியில் மனத்தை மிகவும் உறுத்தியது மீன்பிடி முகாம்களின் வெறுமை. பெரிங் கடலிலிருந்து உணவே உண்ணாமல் மூவாயிரம் கிலோமீட்டர் எதிர்நீச்சலிட்டு வைட்ஹார்ஸைத் தாண்டியும் வரும் சினூக் சால்மன்தான் இக்கரை மக்களின் உணவும் ஆண்டுக் கணக்கும். அந்த மீனின் வரத்து மிகவும் குறைந்துவிட்டதால், 2024இல் அலாஸ்காவும் கனடாவும் ஏழு ஆண்டுகளுக்கு அதைப் பிடிப்பதை நிறுத்திவைக்க உடன்பட்டன. ஏழு ஆண்டு என்பது சினூக்கின் ஒரு முழு வாழ்க்கைச் சுற்று. மீன் உலர்த்தும் சாரங்கள் நின்றன, மீன் இல்லை. வலை இழுக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் இருக்கும் பிள்ளைகள் அந்த ஏழு ஆண்டுகளில் எதைக் கற்பார்கள் என்ற கேள்வி படகில் என்னோடு கூடவே வந்தது.

டாசனில் கிளாண்டைக் ஆறு வலப்புறம் வந்து சேர்கிறது. 1896 ஆகஸ்டில் அதன் ஓடையொன்றில் பொன் கிடைத்த செய்தி பரவியதும், 1898 கோடையில் வைட்ஹார்ஸுக்கு மேலேயுள்ள பென்னட் ஏரியிலிருந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் நான் வந்த இதே வழியில் இறங்கின. அந்தக் கூடுதுறையில் இருந்த ட்ரோச்செக் என்னும் மீன்பிடி முகாமை அப்பகுதியின் முதற்குடியினரான ஹான் மக்கள் இழந்தார்கள். தலைவர் ஐசக் அவர்களைச் சில கிலோமீட்டர் கீழேயுள்ள மூஸ்ஹைடுக்கு அழைத்துச் சென்றார். கூட்டத்தின் நெருக்கடியில் தங்கள் பாடல்களும் ஆடல்களும் அழிந்துவிடும் என்று அஞ்சி, அவற்றை அலாஸ்காவிலிருந்த உறவினர்களிடம் ஒப்படைத்துவைத்தார். 1990களில் அவருடைய வழித்தோன்றல்கள் அங்கே சென்று அவற்றைத் திரும்பக் கற்றுக்கொண்டு வந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கோடையில் மூஸ்ஹைடில் கூடி அவர்கள் அவற்றைப் பாடி ஆடுகிறார்கள். வெளியூராரையும் வரவேற்கும் அந்தக் கூடலுக்கு ஆற்றுவழியாகப் போய்ச் சேரலாம். இந்த ஆற்றில் இறங்க நினைக்கும் தமிழர்கள், புறப்படும் தேதியை அதை ஒட்டியே குறித்துக்கொள்ளுங்கள். என் அடுத்த பயணத்தையும் நான் அப்படித்தான் திட்டமிட்டிருக்கிறேன்.