ஒசாகா சுமோ போட்டியைப் பதினைந்து நாளும் பின்தொடர்ந்த அனுபவம்

2024 மார்ச் மாதம் ஒசாகாவில் நடந்த சுமோ போட்டியை முதல் நாள் தொடங்கிக் கடைசி நாள் வரை ஒரு நாளும் விடாமல் பின்தொடர்ந்தேன். மாலை ஐந்தரை மணிக்குத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, பெரிய பெயர்கள் மோதும் கடைசிச் சில மோதல்களை மட்டும் பார்ப்பவர்களுக்கும் சுமோ பிடித்துப்போகும்தான். ஆனால் தரவரிசைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கீழ்ப் பிரிவுகளிலிருந்து தொடங்கி, மறுநாள் யாருக்கு எதிராக யாரை நிறுத்தியிருக்கிறார்கள் என்பதையும் கவனித்துக்கொண்டே வந்தால், அதே போட்டி முற்றிலும் வேறொரு ஆழத்தோடு விரிகிறது. அதை எப்படிச் செய்தேன் என்பதைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

தொழில்முறை சுமோவில் ஆண்டுக்கு ஆறு பெரும் போட்டிகள் உண்டு. ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் டோக்கியோவிலும், மார்ச்சில் ஒசாகாவிலும், ஜூலையில் நகோயாவிலும், நவம்பரில் ஃபுகுவோகாவிலும் நடைபெறும். ஒவ்வொன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, பதினைந்தாம் நாளான ஞாயிற்றுக்கிழமை முடியும். நான் வேலை செய்யும் ஊர் ஒசாகா என்பதால் மார்ச் போட்டியைத் தேர்ந்தெடுத்தேன்.

பின்தொடர்வது என்பது போட்டி தொடங்குவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்பே ஆரம்பமாகிவிடுகிறது. பன்சுகே எனப்படும் தரவரிசைத் தாள் அப்போதுதான் வெளியாகும். அந்த முறை பிப்ரவரி 26 அன்று வந்தது. சுமார் 600 மல்லர்களின் பெயர்களையும் ஒரே தாளில், கிழக்கு மேற்கு என இரு பக்கங்களாகப் பிரித்து, நடுவர்களில் ஒருவர் தூரிகையால் கையால் எழுதுகிறார். உச்சியில் யோகோசுனாவின் பெயர் தடித்த எழுத்துகளில் இருக்கும். அதன் பிறகு ஓசெகி, செகிவாகே, கொமுசுபி, மயேகஷிரா என்று இறங்க இறங்க எழுத்து மெலிந்துகொண்டே போய், கடைசி வரிசையில் மயிரிழை போன்ற கோடுகளாகிவிடும். அரங்கு நிரம்ப வேண்டும் என்ற வேண்டுதலோடு எழுத்துகளுக்கிடையே இடைவெளி விடாமல் எழுதுவது மரபு. ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்தவர்களுக்கே அந்தத் தாளை வாசிப்பது கடினம். நானும் அதே பட்டியலைச் சாதாரண அச்செழுத்தில் எடுத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வாசித்தேன்.

இந்தத் தாளைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு எண் போதும்: எட்டு. மேலிரு பிரிவுகளில் உள்ளவர்கள் பதினைந்து நாளும் மோதுகிறார்கள். எட்டு வெற்றி கிடைத்தால் அடுத்த போட்டியில் பொதுவாகத் தரம் ஏறும். எட்டுத் தோல்வி விழுந்தால் இறங்கும். ஓசெகி என்றால் தொடர்ந்து இரண்டு போட்டிகளில் எட்டை எட்டாவிட்டால் பதவி போகும். யோகோசுனா மட்டும் இறக்கப்படுவதில்லை. தகுதிக்கேற்ப ஆட முடியாத நிலை வந்தால் அவர் ஓய்வு பெற்றுவிட வேண்டும். ஏழு வெற்றியும் ஏழு தோல்வியுமாகப் பதினைந்தாம் நாளுக்கு வந்து நிற்கும் ஒரு நடுத்தர மயேகஷிராவுக்கு, கோப்பையோடு எந்தத் தொடர்பும் இல்லாத அந்த ஒற்றை மோதல் அடுத்த இரண்டு மாத வாழ்க்கை முழுவதையும் தீர்மானிக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, போட்டியில் முக்கியமில்லாத மோதல் என்று ஒன்றுமே எனக்குத் தென்படவில்லை.

டிக்கெட் விற்பனை சுமார் ஒரு மாதம் முன்பே தொடங்கி, வார இறுதி நாட்களுக்கானவை மிக விரைவில் தீர்ந்துவிடும். களத்தை ஒட்டிய மெத்தை இருக்கைகள் கைக்கு எட்டுவது அரிது. அங்கே உண்ணவும் படம் எடுக்கவும் தடை உண்டு, மல்லர் மேலே வந்து விழும் அபாயமும் உண்டு. அதற்குப் பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நான்கு பேர் சம்மணமிட்டு உட்காரும் சதுரத் தடுப்புகள் இருக்கின்றன. நான் மாடியில் நாற்காலி இருக்கைகளை எடுத்தேன். முழுக் களமும் ஒரே பார்வையில் அடங்கும் என்பதால், முதல்முறை செல்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பதும் அதையே. மார்ச் 20 ஜப்பானில் பொது விடுமுறை. அன்று போட்டியின் பதினோராம் நாள். அதையும் பதினான்காம் நாளான சனிக்கிழமையையும் நேரில் பார்ப்பதற்கென வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்எச்கேயின் ஒளிபரப்பையும் அலுவலகம் முடிந்து வந்தபின் அதன் தொகுப்பையும் பார்த்தேன்.

நம்பா ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் அரங்கம் இருக்கிறது. மல்லர்களின் பெயர் எழுதிய வண்ணக் கொடிகள் வாசலில் வரிசையாக நிற்பதால் வழி கேட்கத் தேவையில்லை. டிக்கெட் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பிற்பகலில்தான் வருகிறார்கள். நான் காலையிலேயே போய்விட்டேன். யார் கேட்டாலும் அதையே சொல்வேன். காலை நேரத்தில் அரங்கு ஏறக்குறையக் காலியாக இருப்பதால், இரண்டு உடல்கள் மோதும் சத்தம் மாடி வரை அப்படியே கேட்கிறது. கீழ்ப் பிரிவினர் கறுப்புப் பருத்தி அரைக்கச்சையோடு வருகிறார்கள். உப்பு வீசும் சடங்கெல்லாம் அவர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. நடுவரும் வெறுங்காலோடு, உடையை முழங்கால் வரை தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பெயர் அழைக்கப்படுகிறது, குனிகிறார்கள், மோதுகிறார்கள், தோற்றவர் வணங்கிவிட்டு இறங்குகிறார். கைதட்ட ஆளில்லை.

அந்தக் கீழ்ப் பிரிவுகளிலேயே மிகவும் கனமான இடம் மகுஷிதா எனப்படும் மூன்றாம் பிரிவின் உச்சி. அதற்கு மேலே உள்ள ஜூரியோ பிரிவில் கால் வைத்தால் (2024 கணக்குப்படி) மாதம் 11 லட்சம் யென் சம்பளம், பட்டுக் கச்சை, பணிவிடைக்கு இளையவர்கள். ஒரு படி கீழே நின்றால் மாதச் சம்பளமே கிடையாது. போட்டிக்கு ஒருமுறை தரும் சிறு உதவித்தொகையும், பயிற்சிக்கூடத்தில் சாப்பாடும் தங்குமிடமும் மட்டுமே. அங்கே ஒரு போட்டிக்கு ஏழு மோதல்கள்தான், எனவே நான்கு வெற்றி வேண்டும். மூன்றுக்கு மூன்று என்று நின்ற ஒருவரின் கடைசி மோதலைப் பதினான்காம் நாள் பிற்பகலில் பார்த்தேன். களத்தின் எல்லையான கயிற்றுப்புரியின் மேல் குதிகால் ஏறி நிற்க, எதிராளியின் நெஞ்சில் நெற்றியை ஊன்றியபடி அவர் அசையாமல் தாங்கிய அந்த நொடிகளில், முதுகில் ஒட்டியிருந்த மணல் வியர்வையில் கரைந்து வழிந்ததுகூட மாடியிலிருந்து என் தொலைநோக்கியில் தெரிந்தது. பிறகு அவர் எதிராளியைச் சுழற்றி வெளியே தள்ளிவிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல் தன் இடத்துக்குத் திரும்பிக் குனிந்தார்.

அந்தப் போட்டியின் ஒரே யோகோசுனாவான டெருனோஃபுஜி முதல் வாரத்திலேயே விலகிவிட்டார். உச்சியில் இருப்பவர் விலகினால் போட்டியே சப்பென்று போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த முறை நேர்மாறாக நடந்தது. தரவரிசையின் அடிவாரத்தில், கிழக்கு 17ஆம் மயேகஷிராவாக, டகெருஃபுஜி என்ற 24 வயது மல்லர் அப்போதுதான் மேல்பிரிவில் முதன்முறையாக இடம்பெற்றிருந்தார். அவோமோரி மாகாணத்துக்காரர், டெருனோஃபுஜியின் அதே இசெகஹாமா பயிற்சிக்கூடம். தலைமயிர் போதுமான அளவு வளராததால், மேல்பிரிவினர் முடியும் அகன்ற இலை வடிவக் கொண்டை போட முடியாமல் எளிய கொண்டையோடுதான் களத்துக்கு வந்தார். அவரை முதல் நாளிலிருந்தே பார்த்து வந்தவர்களுக்கு அவருடைய பாணி பிடிபட்டிருந்தது: குனிந்த நிலையிலிருந்து பாய்ந்து, எதிராளி காலூன்றும் முன் முன்னேறி, முன்னேறுவதை நிறுத்தாமலே முடித்துவிடுவது.

மறுநாளின் மோதல் பட்டியலை ஏன் தினமும் பார்க்க வேண்டும் என்பது இவர் விஷயத்தில் தெளிவாகும். பட்டியலை முழுவதுமாக முன்கூட்டியே போட்டுவிடுவதில்லை; தீர்ப்பாளர் குழு நாளுக்கு நாள் வகுக்கிறது. முதல் வாரத்தில் அவரவர் தரத்துக்கு அருகில் இருப்பவர்களோடுதான் நிறுத்துவார்கள். அடிவாரத்தில் ஒருவர் தோல்வியே இல்லாமல் வந்துகொண்டிருந்தால், இரண்டாம் வாரத்தில் அவரை மேலே இழுத்து, வழக்கமாக அவர் தொடவே முடியாத ஓசெகிகளுக்கு எதிரே நிறுத்துவார்கள். ஒரே பயிற்சிக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் கோப்பைக்கான கூடுதல் மோதலில் தவிர ஒருவரோடொருவர் மோதுவதில்லை. மாலையில் வெளியாகும் பட்டியலில் அவருடைய பெயர் நாள்தோறும் மேலே நகர்ந்ததைப் பார்த்தபோது, குழு அவரை எவ்வளவு தீவிரமாகச் சோதிக்கிறது என்பது புரிந்தது.

பதினோராம் நாள் அவருக்கு எதிரே புதிய ஓசெகி கோட்டோனோவாகா. முதல் பத்து நாளும் வென்றிருந்த டகெருஃபுஜி அன்றும் வென்றார். மேல்பிரிவில் அறிமுகமானதிலிருந்து தொடர்ந்து பதினோரு வெற்றிகள் என்பது 1960இல், பின்னாளில் யோகோசுனாவான டாய்ஹோ நிறுவிய சாதனை. அதை அவர் சமன் செய்தார். காலையில் காலியாகக் கிடந்த அதே அரங்கம் அப்போது ஒரே குரலாக அதிர்ந்தது. மறுநாள் இன்னொரு ஓசெகியான ஹோஷோரியூவிடம் தோற்றார், அதற்கடுத்த நாள் வாகாமோட்டோஹாருவை வென்றார். சனிக்கிழமை முன்னாள் ஓசெகி அசானோயாமாவோடு மோதல். வென்றிருந்தால் அன்றே கோப்பை. ஆனால் விளிம்பில் பின்னுக்குத் தள்ளப்பட்டபோது வலது கணுக்கால் மடங்கிவிட்டது. களத்திலிருந்து இறங்கவே தடுமாறிய அவரைப் பிறகு சக்கர நாற்காலியில் அழைத்துச் சென்றார்கள். அதன் பின் நடந்த ஓசெகி மோதல்களை அரங்கம் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. என்னைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் நாளை வருவாரா மாட்டாரா என்பதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கணக்கு இப்படி இருந்தது: டகெருஃபுஜி 12 வெற்றி, 2 தோல்வி, அடுத்து நின்ற ஓனோசாட்டோ 11 வெற்றி, 3 தோல்வி. டகெருஃபுஜி வராமல் போய் ஓனோசாட்டோ வென்றால் இருவரும் சமம். காயம்பட்டவர் கூடுதல் மோதலுக்கு வர முடியாவிட்டால் கோப்பை கைமாறும். கடைசி நாளுக்கு எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். கணுக்காலில் தடித்த கட்டோடு அவர் வந்தார். எதிராளி கோனோயாமா ஒசாகாவின் மண்ணின் மைந்தர். டகெருஃபுஜி வழக்கம்போல் முன்னேறி, ஒருமுறை தடுமாறியும் நிற்காமல் அவரைத் தள்ளி வீழ்த்தினார். மேல்பிரிவில் அறிமுகமான போட்டியிலேயே ஒருவர் பட்டம் வெல்வது 1914க்குப் பிறகு, அதாவது 110 ஆண்டுகளில், அதுவே முதல்முறை. மூன்று சிறப்புப் பரிசுகளும் அவருக்கே போயின. முந்தைய இரவு நடக்கவே முடியாமல் இருந்தபோது டெருனோஃபுஜி வந்து ஊக்கம் தந்ததால்தான் களமிறங்கத் துணிந்ததாக அவர் பேட்டியில் சொன்னார்.

பரிசளிப்பைப் பார்த்தபோது ஒசாகாவுக்கே உரிய ஒரு பழைய சர்ச்சையும் நினைவுக்கு வந்தது. 2000இல் ஆளுநராக இருந்த ஃபுசாயே ஓட்டா, வெற்றியாளருக்கு ஆளுநர் கோப்பையைத் தாமே களத்தில் ஏறி வழங்க விரும்பினார். பெண்கள் களத்தில் ஏறக்கூடாது என்ற மரபைக் காட்டிச் சுமோ சங்கம் மறுத்துவிட்டது. சுமோவை நேசிக்கிறவர்களே இந்த மரபை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

போட்டி முடிந்ததும் பின்தொடர்வது முடிந்துவிடுவதில்லை. காயத்துக்கு உண்டான விலையை அடுத்தடுத்த தரவரிசைத் தாள்களில்தான் பார்க்க முடியும். முன்பெல்லாம் களத்தில் காயம்பட்டவர் அடுத்த போட்டிக்கு வராவிட்டாலும் தரம் இறங்காது என்ற பாதுகாப்பு இருந்தது. 1972இல் வந்த அந்த ஏற்பாட்டை 2003 இறுதியோடு கைவிட்டார்கள். அதைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பதே காரணம். ஆனால் அதை எடுத்துவிட்டதால், ஆறாத காயத்தோடு களமிறங்கி உடலைக் கெடுத்துக்கொள்பவர்கள் பெருகியதாகவே நான் கருதுகிறேன். ஒவ்வொரு போட்டியிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் கட்டோடு நிற்பவர்களை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும். மே போட்டிக்கு டகெருஃபுஜி வரவே இல்லை. பதினைந்து நாளும் தோல்வியாகக் கணக்கிடப்பட்டு, கோப்பை வென்று நான்கு மாதம்கூட ஆகாத நிலையில் ஜூலையில் ஜூரியோவுக்கு இறங்கினார். அங்கும் போட்டியை முடிக்க முடியவில்லை. செப்டம்பரில் ஜூரியோ பட்டத்தை வென்றார். நவம்பர் ஃபுகுவோகா போட்டிக்கான தாளில் மேல்பிரிவின் அடிவாரத்தில் அவருடைய பெயர் மீண்டும் வந்தது. அந்தப் போட்டியில் அவர் எட்டாவது வெற்றியைப் பெறும் வரை ஒவ்வொரு மாலையும் அடுத்த நாள் பட்டியலைத்தான் முதலில் திறந்து பார்த்தேன்.